எந்த ஆனை என்று கேட்ட அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று எங்கள் வீடு தேடி வந்து, பந்தியில் அமர்ந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் வணக்கம்.

மலரின் முதல் பக்கத்தில் குடும்பத்தாரின் பெயர்கள் உள்ளன. மருமகன் என்ற இடத்தில் "தெம்பா இந்த்லோவு" என்று அச்சாகியிருக்கிறது. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் அதைக் கோத்து, கலைத்து, மறுபடி கோத்துவிட்டு, "சார், இது பேருதானுங்களா, இல்ல பிழையா?" என்று கேட்டார். பெயர்தான். எங்கள் அக்காவின் கணவருடைய குடும்பப் பெயர். ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டில், புலவாயோ நகரத்தைச் சுற்றி வாழும் இந்தபெலே மக்களின் பெயர்களில் ஒன்று. நம் எழுத்தில் அது சரியாக வராது. நாக்கின் ஓரத்தில் காற்றை விட்டுச் சொல்ல வேண்டிய ஓர் ஒலி அதன் நடுவில் இருக்கிறது. எங்கள் ஊரில் யாரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. "லோவு மாப்ள" என்றார்கள். இளவட்டங்கள் அதையும் "லவ்வு மாப்ள" ஆக்கினார்கள்.

இந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று இன்றைக்கும் பலர் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லப் போனால் அப்பாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும். நான் நேரில் பார்த்ததைப் பார்த்தபடியும், பாராததை இன்னார் சொன்னார் என்றும் எழுதுகிறேன்.

மாரண்டஹள்ளியிலிருந்து பஞ்சப்பள்ளி போகிற வழியில், சின்னாற்றுக்கு இந்தப் பக்கமுள்ள எங்கள் சிற்றூரில் அப்பா பிறந்தார். வீட்டில் பேசுவது கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். தகப்பனாரை இழந்தபோது அப்பாவுக்கு மீசை முளைத்திருக்கவில்லை. இரண்டு தம்பிகளையும் ஒரு துண்டு மேட்டு நிலத்தையும் அன்றைக்கே ஏற்றுக்கொண்டார். அணை கட்டும் இடத்தில் கல் சுமந்தார். அந்தக் கூலியில் நிலத்தில் கிணறு வெட்டினார். பாறை வந்தது. தள்ளி இன்னொன்று வெட்டினார். அதில் தண்ணீர் வந்தது. முதல் குழியை ஏன் மூடவில்லை என்று கேட்டால், "மழத்தண்ணி நிக்குதில்ல, மாடு குடிக்கட்டும்" என்பார்.

கிணற்றில் தண்ணீர் வந்தபின் தக்காளி போட்டார். மாரண்டஹள்ளிச் சந்தைக்குக் கூடைகளைச் சைக்கிளில் கட்டி எடுத்துப் போவார். அப்பாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, தள்ளத்தான் தெரியும். காலியாகத் திரும்பும்போதும் தள்ளிக்கொண்டுதான் வருவார். தம்பிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகே தன் கல்யாணத்தைப் பற்றிப் பேச விட்டார். அம்மா வந்தார். அக்காவும் பின்னர் நானும் பிறந்தோம்.

எங்கள் குலத்துக்கு ஆனை என்று பெயர். குலத்தை வீட்டுக் கன்னடத்தில் பெடகு என்போம். வெளியாருக்குச் சொல்லும் வழக்கம் இல்லை. பள்ளிக்கூடத்திலோ ரேஷன் அட்டையிலோ அது இருக்காது. பெண் பார்க்கும்போதுதான் வெளியே வரும். ஆனைக் குலத்துப் பெண்கள் தந்தத்தில் செய்த எதையும் அணிய மாட்டார்கள். யானை வயலுக்குள் வந்தால் எங்கள் வீட்டார் தீப்பந்தம் எடுக்கக் கூடாது, தகரம் தட்டக் கூடாது. ஒரு முறை கேழ்வரகு கதிர் முற்றியிருந்த சமயம் மலையிலிருந்து ஒற்றை யானை இறங்கி வந்தது. அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள், எங்கள் பேச்சில் காட்டுக்காரர்கள், பறை அடித்துத் தங்கள் பக்கம் வராமல் விரட்டினார்கள். அது நேரே எங்கள் வயலுக்கு வந்தது. அப்பா வரப்பில் நின்று கும்பிட்டபடி, "போ சாமி, புள்ளகுட்டி இருக்கற வூடு, போ சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது வேண்டியதைத் தின்றுவிட்டுத்தான் போனது. "உங்க சொந்தக்காரரு நல்லா சாப்ட்டாருங்களா?" என்று பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டார். "பாதிய வெச்சுட்டுப் போயிருக்காரு, பெரிய மனசு" என்றார் அப்பா.

குலப் பெயரை அப்பா இவ்வளவு மதித்ததால் ஊரில் அவருக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. பெண் கேட்கப் போவதற்கு முன் எங்கள் வகையறாக்காரர்கள் அவரிடம் வருவார்கள். எந்தக் குலத்துக்கும் எந்தக் குலத்துக்கும் இடையே பெண் கொடுக்கல் வாங்கல் உண்டு, யார் யாருக்குப் பங்காளி, யார் மாமன் மச்சான் என்பதை அப்பா சொல்வார். பங்காளி என்றால் ஒரே வம்சம். அந்த வீட்டுப் பெண் தங்கை முறை. பேச்சு அதோடு முடிந்தது. அப்பா கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "என்ன குலம்?" இரண்டு பக்கமும் ஒரே பெயரைச் சொன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

அப்படி அவர் எழுந்த ஒரு நாளின் பேச்சு பின்னால் அவரையே பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊர் திம்மராயன் சித்தப்பா எங்களுக்குப் பங்காளி, அப்பாவுக்குத் தம்பி முறை, சந்தைக்குப் போக வரத் துணை. அவருடைய மகனுக்குக் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல்லை ஒட்டிய ஓர் ஊரில் பெண் பார்த்தார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போயிற்று. அந்தப் பெண் வீடும் ஆனை. "அது வேற ஸ்டேட்டுங்கண்ணா, நம்மாளுங்க ஒருத்தர் கூட அவங்கள முன்ன பின்ன பாத்ததில்ல" என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார். "பார்க்கலன்னா தங்கச்சி இல்லன்னு ஆயிடுமா?" என்றார் அப்பா. பேச்சு நின்றது. பையனுக்குப் பிறகு பாலக்கோடு பக்கம் வேறு பெண் எடுத்தார்கள். நன்றாகத்தான் வாழ்கிறார்கள். ஆனால் அதற்குப் பின் சந்தைக்குப் போகும்போது சித்தப்பாவின் சைக்கிள் அப்பாவின் சைக்கிளுக்குச் சற்று முன்னால் போகத் தொடங்கியது. அவருக்கு ஓட்டத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் அக்கா பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தார். வேளாண்மை படிக்க ஜிம்பாப்வேயிலிருந்து வந்த ஒருவர் டைபாய்டு கண்டு அங்கே படுத்திருந்தார். குணமாகிப் போனவர், காய்ச்சல் இல்லாமலும் வந்துகொண்டிருந்தார். அக்கா வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா அழுதார். ஆள் எப்படி என்பது அம்மாவின் கவலை இல்லை. "அவ்ளோ தூரம் போயிட்டா தலவலின்னா யாரு தைலம் தேச்சு வுடறது?" என்பதுதான்.

ஊர் சும்மா இருக்கவில்லை. மாரண்டஹள்ளி டீக்கடையில் ஒருவர் அப்பாவைக் கேட்டார், நான் பக்கத்தில் இருந்தேன்.

"என்னங்க, பொண்ணு குடுக்க நம்ம பக்கம் ஆளே கெடைக்கலீங்களா?"

"கெடைச்சாங்க. எம் பொண்ணுக்குப் புடிக்கல."

"ஆளு ரொம்பக் கருப்பாமே?"

"எம் பக்கத்துல நிக்க வெச்சுப் பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க."

அப்பாவுக்கு நிறமும் நாடும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ்ஸில் அக்காவும் அவரும் வந்து இறங்கினார்கள். அப்பா சைக்கிளோடு நின்றிருந்தார். வந்தவர் வலது கையை நீட்டி, அதன் முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வணக்கம் சொன்னார். பெரியவர்களுக்குக் கை கொடுக்கும்போது அவர்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்களாம். நாம் கோயிலில் தீர்த்தம் வாங்குவது போல இருந்தது. அதைவிட அப்பாவைக் கவர்ந்தது, அவர் பெங்களூரில் கற்றுக்கொண்ட கன்னடம். முன்னும் பின்னுமாக வந்தாலும் கன்னடம்தான். "இது நம்ம பேச்சு பேசுதே!" என்று அக்காவிடம் சொன்னார். வழியெல்லாம் இருவரும் சைக்கிளுக்கு ஆளுக்கொரு பக்கமாக நடந்து வந்தார்கள்.

வீட்டில் நடந்த பேச்சு முழுவதும் கன்னடம். இங்கே தமிழில் எழுதுகிறேன். காப்பி வந்தது. மழை, மாடு, சோளம் எல்லாம் பேசி முடித்தபின் அப்பா வழக்கமான கேள்விக்கு வந்தார்.

"ஊரு தூரம், அது கெடக்கட்டும். தம்பி, உங்க குலம் என்ன?"

அக்கா குறுக்கிட்டார். "அப்பா, அதெல்லாம் அவங்களுக்கு இருக்காதுப்பா."

"இருக்குது" என்றார் தெம்பா. "எங்க பேருலயே இருக்குதுங்க. இந்த்லோவுன்னா எங்க பாஷையில ஆனை."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "என்னான்னீங்க?"

"ஆனைங்க."

"ஆனைக் கறி திம்பீங்களா?"

"ஐயோ, இல்லீங்க. வேற வூட்டுக்காரங்க திம்பாங்க. இந்த்லோவு வூட்ல தொட மாட்டோம்."

"ஆனை வூட்டுப் பையன் ஆனை வூட்ல பொண்ணு எடுப்பானா?"

"எடுக்கக் கூடாதுங்க. அவ தங்கச்சி."

அப்பா எழுந்து அவரைத் தோளோடு சேர்த்துக்கொண்டார். சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏ, இங்க வா! இது யாருன்னு நெனச்ச? நம்ம பங்காளி! அவ்ளோ தூரத்துல நம்ம வம்சம் இருக்குது!" என்று கூவினார்.

அம்மா கரண்டியோடு வந்து நின்றார். "பங்காளியா?"

"ஆமாங்கறேன்!"

"பங்காளிக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கறது?"

அப்பாவின் கை தெம்பாவின் தோளிலிருந்து இறங்கியது. தெம்பா அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா, நீங்க என்ன குலம்?" என்று கேட்டார். "ஆனைதான்யா" என்றார் அப்பா. பாதி குடித்த காப்பியைத் தெம்பாவும் கீழே வைத்தார்.

அவர் பெங்களூரில் அக்காவிடம் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். நமக்கு அப்படி ஒன்று கிடையாது என்று அக்கா சொல்லியிருக்கிறார். குலத்தைச் சொல்லவேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை. இப்போது அக்காவுக்கு முதலில் சிரிப்பும் பிறகு கோபமும் வந்தது.

"அப்பா, அது ஆப்பிரிக்கா. நடுவுல கடல் இருக்குது!"

"கடல் தாண்டினா தங்கச்சி முறை போயிடுமா?"

அக்கா தெம்பாவைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்தபடி, "உங்க அப்பா கேக்கறது நாயம். எங்க அம்மா இருந்தாலும் இதத்தான் கேப்பாங்க" என்றார்.

"ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அக்கா கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நாங்களும் பிறகு பலமுறை சிரித்திருக்கிறோம். ஆனால் அன்றைக்கு அப்பாவின் நிலைமை சிரிக்கக்கூடியதாக இல்லை. எல்லைக்கு அப்பால் இருந்தாலும் பெயர் பெயர்தான் என்று திம்மராயன் சித்தப்பாவிடம் சொன்னவர் அவர். எல்லையைத் தள்ளிக் கடலோரம் வைத்துக்கொண்டு, தன் மகளுக்கு மட்டும் அது இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. சொன்னால் மகள் கல்யாணம் நடக்கும். அதன்பின் அவர் வார்த்தைக்கு யார் வருவார்கள்? சொல்லாவிட்டால் மகள் நிற்பாள். அக்கா ஏறுக்கு மாறாக எதுவும் செய்யவில்லை. "அப்பா சரின்னு சொல்லாம எனக்குக் கல்யாணம் வேணாம். வேற கல்யாணமும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு தெம்பா மட்டும் தனியாக வந்தார். பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த தன் நாட்டு நண்பர்கள் இருவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் அவரைத்தான் திட்டினார்களாம்: "எந்த ஆனைன்னு கேக்காமயா எழுந்து வந்த?"

அவர் அன்று அப்பாவிடம் விளக்கியது இது. இந்தபெலே மக்களின் குடும்பப் பெயருக்கு இசிபோங்கோ என்று பெயர். தகப்பன் வழியில் பிள்ளைகளுக்கு வரும். யானை, வரிக்குதிரை, எருமை, குரங்கு, சிங்கம் என்று பல பெயர்கள் விலங்குகளுடையவை. ஆனால் ஒரே பெயர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே வம்சம் இல்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தெற்கிலிருந்து ஓர் அரசனோடு நடந்து வந்த கூட்டம் ஒன்று. அந்த மண்ணில் அதற்கு முன்பே இருந்து அவர்களோடு கலந்த குடிகள் பல. அந்தக் குடிகளில் வேறு மொழியில் யானையைக் குலப் பெயராக வைத்திருந்தவர்கள், புதிய மொழிக்கு வந்தபோது தாங்களும் இந்த்லோவு ஆனார்கள். அதனால் அங்கே ஓர் இந்த்லோவு இன்னோர் இந்த்லோவுவைச் சந்தித்தால் நீ எந்த இந்த்லோவு என்று கேட்பது முறை. பதிலாக அவரவர் வம்சத்துப் புகழ்ச் சொற்களைச் சொல்வார்கள். முன்னோர் பெயர், வந்த வழி, செய்த காரியம் எல்லாம் அதில் இருக்கும். தெம்பாவின் வீட்டார் தெற்கிலிருந்து வந்தவர்கள், "காட்ஷேனி" என்று தொடங்கும் புகழ்ச் சொல்லுக்கு உரியவர்கள். சொற்கள் ஒத்துப்போனால் தங்கை. ஒத்துப்போகாவிட்டால் பெண் கேட்கலாம்.

அப்பா அவரை எழுந்து நின்று அந்தச் சொற்களை முழுவதும் சொல்லச் சொன்னார். தெம்பா சொன்னார். ஒரு சொல்லும் எங்களுக்குப் புரியவில்லை. அப்பா கண்ணை மூடி, சந்தையில் விலை கேட்பது போல உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அம்மாவிடம், "இதுல நம்மாளு ஒருத்தரும் வரல" என்றார்.

அம்மா முகம் மலர்ந்தது. "அப்ப சரின்னு சொல்லிடுங்களேன்."

"திம்மராயனக் கேக்காம எப்படிச் சொல்றது?"

அன்றைக்கே அப்பா சித்தப்பா வீட்டுக்கு நடந்து போனார். என்னையும் கூட்டிப்போனார். சித்தப்பா வாசலில் கூடை பின்னும் மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்தார். அப்பா உட்காரவில்லை. தெம்பா சொன்னதையெல்லாம் சொன்னார். பெயருக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது, தான் அதைக் கேட்டதே இல்லை என்றார். நம் பக்கத்தில் அது என்ன கேள்வி என்பதையும் யோசித்து வைத்திருந்தார்: குழந்தைக்கு முதல் முடி எந்தக் கோயிலில் இறக்குகிறீர்கள்? ஒரே சாமி முன்னால் முடி இறக்குகிறவர்கள்தான் ஒரே வம்சம்.

சித்தப்பா கத்தியை நிறுத்தாமல் கேட்டார். "எம் பையனுக்கு ஒரு கேள்வி. உங்க மாப்ளைக்கு ரெண்டு கேள்விங்களாண்ணா?"

"அதச் சொல்லத்தாம்பா வந்தேன்."

"அன்னிக்கு ஸ்டேட்டு தாண்டினாலும் தங்கச்சிதான்னீங்க. இன்னிக்கு ஏரோப்ளேன்ல வந்தா மாப்ளைங்களா?"

"சொல்லு. இன்னும் சொல்லு."

"சொல்லி என்ன ஆவப் போவுது? பண்றதப் பண்ணிட்டுத்தான வந்திருப்பீங்க."

"ஒண்ணும் பண்ணல. நீ சொல்றதுதான் முடிவு. வேணாம்னா வேணாம். எம் பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன்."

சித்தப்பாவின் கத்தி அப்போதுதான் நின்றது. உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். பதில் மட்டும் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது அப்பா நிலத்தைப் பார்த்தபடியே நடந்தார். அவரை அவ்வளவு தளர்ந்து நான் பார்த்ததில்லை. கிணற்றில் பாறை வந்த நாளில்கூட இப்படி இருந்திருக்க மாட்டார் என்று அம்மா சொன்னார்.

அடுத்த சந்தைக்குச் சித்தப்பா வரவில்லை. தக்காளியை மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். "அப்பா எங்கடா?" என்று எங்கள் அப்பா கேட்டதற்கு, "ஆனேக்கல் பக்கம் போயிருக்காருங்க பெரியப்பா, எதுக்குன்னு சொல்லல" என்றார் அவர். அதற்கடுத்த சந்தையில் சித்தப்பாவே வந்தார். கூடைகளுக்கு நடுவே, ஏலம் கூறுபவர் மூச்சு வாங்கிய ஒரு சிறு இடைவெளியில், எல்லார் காதிலும் விழும்படி அப்பாவிடம் சொன்னார்.

"அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போனங்கண்ணா. மொத முடி எங்க எறக்கறீங்கன்னு கேட்டேன்."

"என்னான்னாங்க?"

"நம்ம சின்னாத்தங்கரைக் கோயிலுதான். அவங்க தாத்தா காலத்துல இங்கருந்து போனவங்களாம். அந்தப் பொண்ணு நம்ம பையனுக்குத் தங்கச்சி முறைதான்."

அப்பா கூடையிலிருந்து கையை எடுத்தார். "அப்ப நான் சொன்னது..."

"சரிதாங்கண்ணா. நீங்க சொன்னது சரி. கேக்காம சொன்னீங்க பாருங்க, அதான் தப்பு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்த ஆனை வேற, நம்ம ஆனை வேற. பொண்ணக் குடுங்க. நாயம் நான் சொல்லிட்டேன். இனி எவனாச்சும் கேட்டா எங்கிட்ட அனுப்புங்க" என்றார்.

செய்தி எழுதுகிற வேலையில் இருப்பதால் இந்த வாக்கியத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சரியாக இருந்துவிட்டதால் கேட்காமல் சொன்னது நியாயமாகிவிடாது. அன்று சந்தையில் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டதைத்தான் அப்பா செய்த பெரிய காரியமாக நான் நினைக்கிறேன். தப்பாகச் சொல்லி அதை ஒப்புக்கொள்கிறவர்கள் உண்டு. சரியாகச் சொல்லியும் ஒப்புக்கொண்டவர் அவர்.

கல்யாணம் பெங்களூரில் பதிவாகி, எங்கள் ஊரில் தாலியும் விருந்துமாக நடந்தது. பந்தலில் பெண் வீட்டாருக்காகப் பேசியவர் திம்மராயன் சித்தப்பா. மாப்பிள்ளை வீட்டாருக்காகப் பேச, தெம்பாவின் அந்த இரண்டு நண்பர்களும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் அவர்கள் தங்கள் வழக்கப்படி நன்றி சொன்னார்கள். அங்கே நன்றி என்ற சொல்லோடு நிறுத்த மாட்டார்கள். யாருக்கு நன்றியோ அவருடைய குலப் புகழைச் சொல்லி வாழ்த்துவார்கள். அப்பாவின் முன் நின்று, எங்களுக்கு அப்படிப் புகழ்ச் சொற்கள் இல்லாததால், "ஆனை, ஆனை" என்று கை தட்டி அழைத்தார்கள். எங்கள் வீட்டார் அதுவரை வெளியில் சொல்லாமல் வைத்திருந்த பெயர். முதலில் அம்மா நெளிந்தார். பிறகு பந்தலில் இருந்த ஆனை வீட்டுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள்.

அதற்குப் பின்னும் கல்யாணப் பேச்சுக்கு முன் ஆட்கள் அப்பாவிடம் வந்தார்கள். இரண்டு கேள்வியும் கேட்டார். இரண்டாவதைக் கேட்கும்போது பக்கத்தில் சித்தப்பா உட்கார்ந்திருப்பார். சந்தைக்கும் இருவரும் சேர்ந்தே போனார்கள். அண்ணனுக்காகச் சித்தப்பாவும் சைக்கிளைத் தள்ளத் தொடங்கிவிட்டார். இருவரும் ஏன் இறங்கி நடக்கிறார்கள் என்று புதியவர்கள் கேட்பார்கள்.

தெம்பா மாமாவின் படிப்பு முடிந்தபோது அவர் ஊர்ப் பக்கம் அமைதி இல்லை. அது திரும்பும்வரை இருவரும் பெங்களூரிலேயே இருந்தார்கள். லீவு கிடைத்தபோதெல்லாம் மாமா எங்கள் வயலில் இருந்தார். அவர் சொன்னபடி தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கட்டிப் பார்த்த அப்பா, "படிச்சது வீண் போவல" என்று ஒப்புக்கொண்டார். பேரன் பிறந்தான். அவனுக்கு என்ன குலம் என்று யாரோ கேட்டபோது, "அப்பன் வழி அந்த ஆனை, அம்மா வழி இந்த ஆனை. பாவம், அவனுக்குப் பொண்ணு தேடறவன் நாலு கேள்வி கேக்கணும்" என்றார் அப்பா.

அவர்கள் ஊர் திரும்பிய பின் அப்பாவுக்கு மூச்சிரைப்பு கண்டது. தருமபுரியில் வைத்துப் பார்த்தோம். வீட்டுக்குப் போக வேண்டும் என்றார், கூட்டி வந்தோம். கடைசி நாட்களில் வலி அதிகம் இல்லை. ஒரு காலை வேளை, பழைய குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது என்று அம்மா சொன்னார். சற்று நேரத்தில் அமைதியாக மூச்சு நின்றது. நிறைவாக வாழ்ந்து முடித்தவர் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த சித்தப்பா வீட்டாருக்கும், வண்டி கொடுத்த சந்தை நண்பர்களுக்கும், பந்தல் போட்ட பக்கத்துக் காட்டுக்காரருக்கும், இன்று வந்து எங்களோடு உண்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. திம்மராயன் சித்தப்பாவுக்கு நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். ஆகவே எழுதி மட்டும் வைக்கிறேன்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அக்காவைத் தவிர நாங்கள் யாரும் நேரில் பார்த்திராதவர், தெம்பா மாமாவின் அம்மா. இந்த ஓராண்டு நினைவுக்காக ஊர் வந்திருக்கும் அக்கா சொன்னது இது. அங்கே கல்யாணமாகி வருகிற பெண்ணைப் புகுந்த வீட்டில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கணவன் வீட்டுப் பெயரையும் அவளுக்குக் கொடுப்பதில்லை. அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயருக்கு முன் "மா" என்று சேர்த்துக் கூப்பிடுவதுதான் மரியாதை. இன்னார் வீட்டு மகள் என்று பொருள். அக்காவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. அதனால் அந்த வீட்டில் மாமியார், நாத்தனார், அக்கம்பக்கத்தார் எல்லாரும் அக்காவை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்பா இறந்த தந்தி போனபோது அந்த அம்மா அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இனி உன்னை அப்படிக் கூப்பிட்டால் மனம் வருந்துமா, வேறு விதமாகக் கூப்பிடட்டுமா என்று கேட்டாராம்.

"வேணாம்மா, அப்படியே கூப்பிடுங்க" என்றாராம் அக்கா.

மரியாதை கருதி அப்பாவின் பெயரை நாங்கள் யாரும் வாயால் சொல்வதில்லை. இந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. அங்கே இந்நேரம் அக்கா வீட்டில் இருந்திருந்தால், அடுப்பில் பாலை வைத்துவிட்டு அந்த அம்மா அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்.